கோழி கொத்திய கணவரும் மூஞ்சூறு மனைவியும்

கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். லண்டன் வாடிக்கையாளரோடு வாராவாரம் நடக்கும் அழைப்பில், பேரம் பேசுவதில் கெட்டிக்காரரான உங்கள் குழுத் தலைவியைப் புகழ நினைத்து ‘ஷி இஸ் வெரி ஃபாக்ஸி’ என்று சொல்லியிருக்கிறீர்கள். நரி மாதிரி தந்திரசாலி என்பது உங்கள் எண்ணம். மறுமுனையில் இரண்டு விநாடி அமைதி. யாரோ இருமினார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. போன மாதம் அதே அழைப்பில் ஓர் ஆண் மேலாளரை ‘வைலி ஓல்ட் ஃபாக்ஸ்’ என்றபோது எல்லோரும் ரசித்துச் சிரித்தார்களே, அதே நரிதானே, இப்போது மட்டும் என்ன வந்தது என்று கேட்கிறீர்கள்.

அதே நரி இல்லை. ஆணைச் சொன்னால் தந்திரக்கார நரி. பெண்ணைப் பார்த்து ‘ஃபாக்ஸி’ என்றால் ஆளைச் சுண்டி இழுக்கும் கவர்ச்சிக்காரி என்று அர்த்தம். அமெரிக்கப் பேச்சில் 1960, 70-களில் பரவி, அப்புறம் ஆங்கிலம் பேசுகிற ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த வழக்கு இது. நீங்கள் மூளையைப் புகழ்ந்தீர்கள், அவர்கள் காதில் உடம்பைப் புகழ்ந்ததாக விழுந்தது. அலுவலக அழைப்பில் அப்படி ஒன்று விழுந்தால் யாருக்கும் இருமல் வரத்தான் செய்யும்.

உங்களை நான் கேலி செய்ய முடியாது. ஆங்கிலப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழ் சப்டைட்டில் எழுதித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காட்சி: நரைத்த தாடியோடு ஒரு மருத்துவர் உள்ளே நுழைகிறார், வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்கள் அவரைப் பார்த்து ‘சில்வர் ஃபாக்ஸ்’ என்று கிசுகிசுத்துச் சிரிக்கிறார்கள். நான் ‘கிழட்டு நரி’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். ‘தலை நரைத்தும் களை குறையாத ஆள்’ என்று வர வேண்டிய இடம். சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. படத்தைப் பார்த்த நண்பன், “கடைசிவரைக்கும் அந்த டாக்டர்தான் கொலைகாரன்னு நெனச்சுட்டு இருந்தேன்டா” என்றான். அன்றிலிருந்து வசனத்தில் ஒரு விலங்கு தலைகாட்டினால் முதலில் பார்ப்பது, அது யார் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான்.

இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது இதுதான். ஆணை விலங்கோடு ஒப்பிடும்போது ஆங்கிலம் பெரும்பாலும் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கிறது: எவ்வளவு பலம், எவ்வளவு தந்திரம், எவ்வளவு பசி. பெண்ணை ஒப்பிடும்போது அவள் எப்படி இருக்கிறாள், வயது என்ன, வாய் எவ்வளவு நீளம் என்று பார்க்கிறது. விதிவிலக்குகள் உண்டு, வழியில் அவையும் வரும். ஆனால் சந்தேகம் வருகிற இடத்தில் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பத்துக்கு எட்டு சரியாக இருக்கும்.

நரியிலேயே பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஆங்கிலேயரை அலைக்கழித்த ஜெர்மானியத் தளபதி ரோம்மெலுக்கு ‘டெசர்ட் ஃபாக்ஸ்’ என்று பெயர். அமெரிக்க விடுதலைப் போரில் சவுத் கரோலினாவின் சதுப்பு நிலங்களில் மறைந்திருந்து தாக்கிய ஃபிரான்சிஸ் மேரியனுக்கு ‘ஸ்வாம்ப் ஃபாக்ஸ்’. எதிரியாக இருந்தாலும் ஒரு மரியாதை தெரிகிறது அல்லவா? பெண் நரிக்கு ஆங்கிலத்தில் ‘விக்சன்’ என்று தனிச்சொல் இருக்கிறது. தென் இங்கிலாந்துக்காரர்கள் ஃப-வை வ-வாக உச்சரித்த பழக்கத்தில் ஃபாக்ஸுக்கு ஜோடி விக்சன் ஆகிவிட்டது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து அந்தச் சொல்லுக்கு வள்ளென்று விழுகிற சண்டைக்காரி என்று பொருள். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் ஒருத்தி தன் தோழியைப் பற்றி, பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அவள் விக்சன்தான் என்று போட்டுக்கொடுப்பாள். போரில் தந்திரம் செய்த பெண் யாரையாவது விக்சன் என்று புகழ்ந்ததாக நான் பார்த்ததில்லை.

நாய்க்கும் இதே கதைதான். ‘லக்கி டாக்’ அதிர்ஷ்டக்காரப் பயல். ‘ஸ்லை டாக்’ கமுக்கமான ஆள், முதுகில் தட்டிச் சிரித்துக்கொண்டே சொல்வது. ‘டாப் டாக்’ கை ஓங்கியவன், ‘அண்டர்டாக்’ தோற்கப் போகிறவன், அவன் ஜெயிக்க வேண்டும் என்று ஊரே ஆசைப்படும். பெண் நாய்க்கான ‘பிட்ச்’ என்ற சொல்லோ பதினைந்தாம் நூற்றாண்டு முதலே பெண்கள்மீது வீசப்படும் வசவு. ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1785-இல் தெருப்பேச்சுக்கென்று ஓர் அகராதி போட்டார். ஓர் ஆங்கிலேயப் பெண்ணை இதைவிடப் புண்படுத்தும் பெயர் கிடையாது, வேசி என்பதைவிட இது அதிகம் சுடும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். ஆணைத் திட்டவும் ஆங்கிலம் ‘சன் ஆஃப் எ பிட்ச்’ என்று அவன் தாயைத்தான் இழுக்கிறது. நம் பேருந்து நிலையங்களில் ஐந்து நிமிடம் நின்று கேட்டவர்கள் இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைக் குறை சொல்லமாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பர்மிங்காமில் நடக்கும் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இன்றைக்கும் பரிசுப் பிரிவுகள் ‘டாக்’, ‘பிட்ச்’ என்றுதான் பிரிக்கப்படுகின்றன. அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.

இனி மூஞ்சூறு. எனக்கு இந்த வரிசையிலேயே பிடித்த பிராணி இதுதான். நம் வீட்டுச் சுவரோரம் இரவில் கீச்சென்று ஓடுகிற, நாற்றமடிக்கிற, பிள்ளையாருக்கு வாகனமான அதே மூஞ்சூறு இனத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஷ்ரூ’ என்று பெயர். இங்கிலாந்தில் இருப்பது நம்முடையதைவிடச் சிறியது, கட்டைவிரல் நீளம்தான். ஒரு நாளைக்குத் தன் எடைக்குக் கிட்டத்தட்ட சமமாகத் தின்றால்தான் உயிர் தரிக்கும், அதனால் எந்நேரமும் பரபரப்பு, தன் இனத்தோடேயே ஓயாத சண்டை. பழைய ஆங்கிலேயக் கிராமத்தார் இதற்கு நடுநடுங்கினார்கள். மாட்டின் முதுகில் மூஞ்சூறு ஓடினால் மாட்டுக்குக் கால் விளங்காமல் போய்விடும் என்று நம்பிக்கை. அதற்குப் பரிகாரமும் உண்டு. ஆஷ் என்ற மரத்தில் துளைபோட்டு, ஒரு மூஞ்சூறை உயிரோடு உள்ளே விட்டு அடைத்துவிடுவார்கள். அந்த மரத்துக் கிளையால் மாட்டைத் தடவினால் குணமாகும். ஹாம்ப்ஷயரில் தன் ஊரான செல்போர்னின் இயற்கையைப் பற்றி எழுதிய கில்பர்ட் வைட், 1789-இல் வெளிவந்த நூலில் இந்த மரத்தைப் பற்றி விவரமாகச் சொல்கிறார். மூஞ்சூறுக்கு விஷம் உண்டு என்றும் நம்பினார்கள். மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். வட அமெரிக்காவில் இருக்கும் குட்டைவால் மூஞ்சூறின் எச்சிலில் உண்மையிலேயே விஷம் இருக்கிறது.

இப்படிப் பயந்த பிராணியின் பெயரை முதலில் யாருக்கு வைத்தார்கள் தெரியுமா? ஆண்களுக்கு. பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் ஷ்ரூ என்றால் கெட்டவன், அயோக்கியன். அந்தக் காலத்து ஆங்கிலக் கவிஞர் சாசரின் எழுத்திலேயே ஆண்களை அப்படிச் சொல்வது உண்டு. பிறகு மெல்ல மெல்ல அது பெண் பக்கம் நகர்ந்தது. ஷேக்ஸ்பியர் 1590-களை ஒட்டி ‘ஷ்ரூ’வை அடக்குவதையே நாடகத் தலைப்பாக வைத்தபோது, வாயாடி மனைவி என்ற பொருள் தலைப்பைக் கேட்ட மாத்திரத்தில் எல்லோருக்கும் புரிந்தது. அந்த ஒரு பெயரோடு விட்டார்களா என்றால் இல்லை. அடங்காத வாய் என்று ஊரார் முடிவு கட்டிய பெண்களின் தலையில் இரும்புக் கடிவாளம் மாட்டித் தெருவில் இழுத்துச் சென்ற தண்டனை பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் பிரிட்டனில் இருந்தது. ஓயாமல் சண்டை போடும் பெண் என்பது இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு குற்றமாகவே 1967 வரை ஏட்டில் கிடந்தது. அந்த ஆண்டு வந்த குற்றவியல் சட்டம்தான் அதை நீக்கியது.

ஷ்ரூவுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று கேட்டால் என் கை தானாக ‘அடங்காப்பிடாரி’ என்றுதான் எழுதும். நாம் விலங்கைத் தேடிப் போகவில்லை, ஊர் எல்லையில் இருக்கிற பிடாரி அம்மனையே கூப்பிட்டுக்கொண்டோம். இரண்டில் எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிடாரிக்காவது வருஷத்துக்கு ஒருமுறை கொடை உண்டு.

கதை இத்தோடு முடியவில்லை. அந்த ஷ்ரூவிலிருந்துதான் ‘ஷ்ரூட்’ என்ற சொல்லும் பிறந்தது. ஆரம்பத்தில் அதற்கும் ‘பொல்லாத, தீய’ என்றுதான் பொருள். பிறகு ‘வஞ்சகமான’, அப்புறம் ‘சூட்சுமம் தெரிந்த’ என்று படிப்படியாக ஏறி, இன்று வணிகப் பக்கத்தில் ஒருவரை ஷ்ரூட் என்றால் பெரிய பாராட்டு. ஒரே மூஞ்சூறு. பெயர்ச்சொல் மனைவிகளிடம் தங்கிவிட்டது, பெயரடை முதலாளிகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

சரி, கோழிக்கூண்டுக்கு வருவோம். ஆங்கிலேயருக்குக் குடும்பத்தைப் பற்றி எது சொல்ல வேண்டுமானாலும் கோழி வேண்டும். பொண்டாட்டிதாசனுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஹென்பெக்ட்’, அதாவது பெட்டைக்கோழி கொத்திய ஆள். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1819-இல் வெளிவந்த ‘டான் ஹுவான்’ காவியத்தில், படித்த மனைவிகளைக் கட்டிக்கொண்ட கணவர்களைப் பார்த்து ‘உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் எல்லோரையும் கொத்திவிட்டார்கள்தானே’ என்று கேட்பதற்காக ‘இன்டலெக்சுவல்’ என்பதற்கு எதுகையாக ‘ஹென்பெக்ட் யூ ஆல்’ என்று போட்டார். சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள், இரண்டும் பொருந்தும். அவருடைய மனைவி ஆனபெல்லா கணக்கில் புலி. 1816-இலேயே இருவரும் பிரிந்துவிட்டார்கள். எதுகைக்குப் பின்னால் என்ன கடுப்பு இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சேவல் பக்கம் எல்லாம் கம்பீரம். இடத்துக்கே ராஜா போல நடப்பவன் ‘காக் ஆஃப் த வாக்’. திமிராகப் பேசுகிறவன் ‘காக்கி’, அதில்கூட ஒரு செல்லம் இருக்கும். பெட்டை கூவிவிட்டால் மட்டும் ஆபத்து. சீட்டியடிக்கிற பெண்ணும் கூவுகிற பெட்டைக்கோழியும் கடவுளுக்கும் ஆகாது, மனுஷனுக்கும் ஆகாது என்று அவர்களிடம் ஒரு பழமொழி. ‘பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியப் போகிறது’ என்று நம்மிடம். இரண்டு நாடும் ஒன்றை ஒன்று பார்க்காமலே ஒரே கோழியைத் திட்டியிருக்கின்றன. மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்தபோது, ஹூணர் தலைவன் அட்டிலாவின் பெயரைத் திருகி ‘அட்டிலா த ஹென்’ என்று கேலி செய்தார்கள். ‘சேவல் கூவலாம், முட்டையிடுவது பெட்டைதான்’ என்பது தாட்சர் சொன்னதாகச் சொல்லப்படும் பேச்சு. கூண்டுக்குள்ளேயே நின்று கொடுத்த பதிலடி.

கல்யாணத்துக்கு முந்தைய கும்மாளத்துக்கு பிரிட்டனில் மாப்பிள்ளை பக்கம் ‘ஸ்டாக் நைட்’, பெண் பக்கம் ‘ஹென் நைட்’. ஸ்டாக் என்பது கிளை கிளையாகக் கொம்பு வைத்த கலைமான். மாப்பிள்ளைக்குக் காட்டு ராஜா, மணப்பெண்ணுக்குக் கொல்லைப்புறத்துக் கோழி. ஆனால் ஸ்காட்லாந்தில், முக்கியமாக கிளாஸ்கோ பக்கம், கடைக்காரர் பெண் வாடிக்கையாளரை ‘ஹென்’ என்று அழைத்தால் கோபிக்கக் கூடாது. நம் ஊர்க் கடையில் ‘என்ன வேணும்க்கா’ என்பதுபோல அது பிரியமான விளி. நாட்டிங்காம் பக்கம் போனால் ஆண், பெண் எல்லோரும் ‘டக்’.

எங்கள் ஆத்தா கொல்லையில் குருணையை வீசும்போது பார்த்திருக்கிறேன். வயதான செவலைக்கோழி முதலில் வரும். அது தின்கிறபோது சின்னது ஒன்று கிட்டே வந்தால் தலையிலேயே ஒரு கொத்து. அந்தச் சின்னது போய் அதைவிடச் சின்னதைக் கொத்தும். நார்வேக்காரரான தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே சிறுவனாக இருந்தபோதே இப்படிக் கோழிகளைப் பார்த்துக் குறித்து வைத்து, யார் யாரைக் கொத்தலாம் என்பதில் கறாரான வரிசை இருக்கிறது என்று 1920-களின் தொடக்கத்தில் ஆய்வாக வெளியிட்டார். ‘பெக்கிங் ஆர்டர்’ என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. அவர் கண்டது பெட்டைகள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட அரசியலை. இன்று அந்தச் சொல் புழங்குவதெல்லாம் கம்பெனி இயக்குநர்கள், அமைச்சர்கள், ராணுவ அதிகாரிகள் யாருக்கு மேல் யார் என்று பேசுகிற இடத்தில்.

வயது விஷயத்தில்தான் ஆங்கிலம் உண்மையிலேயே ஈவிரக்கம் இல்லாமல் நடந்துகொள்கிறது. நடுவயதுப் பெண் இளம்பெண் போல உடுத்தினால் ‘மட்டன் டிரெஸ்டு ஆஸ் லாம்’. முற்றிய ஆட்டை இளங்குட்டி மாதிரி ஜோடித்து வைத்திருக்கிறார்கள் என்கிற கசாப்புக் கடைப் பேச்சு. ‘நோ ஸ்பிரிங் சிக்கன்’ என்பதும் அதே கடைதான். வசந்தத்தில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்குத்தான் விலை, போன வருஷத்துக் கோழி வேகாது. ஆணுக்கும் சில சமயம் இதைச் சொல்வார்கள், ஆனால் ஆண்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். தன்னைவிட இளையவனை நாடும் பெண் ‘கூகர்’, வேட்டைக்குக் கிளம்பிய மலைச்சிங்கம். அதையே செய்கிற ஆணுக்கு இருக்கும் விலங்கு ‘ஓல்ட் கோட்’, கிழட்டு ஆடு. அதுவும் கேவலமான பேர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவனுக்கு சில்வர் ஃபாக்ஸ் என்று இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. நரைத்த பெண்ணுக்கு அப்படி ஒரு அழகான விலங்கைத் தேடித் தேடிப் பார்த்தேன், ‘ஓல்ட் பாட்’ என்ற கிழட்டு வௌவால்தான் அகப்பட்டது.

நரைத்த குதிரை ஒன்று உண்டு, ஆனால் அது அழகைப் பற்றியது இல்லை. ‘சாம்பல் நிறப் பெட்டைக் குதிரைதான் நல்ல குதிரை’ என்று 1546-இல் ஜான் ஹேவுட் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இருக்கிறது. வீட்டில் மனைவி ராஜ்ஜியம் என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். ஓயாமல் நச்சரிப்பதற்குச் சொல்லும் ‘நாக்’ என்பதையும், கிழட்டுக் குதிரைக்கான ‘நாக்’ என்பதையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு மூலம். நச்சரிப்பது ஸ்காண்டிநேவிய மொழிகளில் ‘கொறிப்பது’ என்ற வேரிலிருந்து வந்தது, குதிரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆண்களுக்கென்றே ஒதுக்கிய வசவும் ஒன்று இருக்கிறது. பெண்களை மட்டமாக நினைக்கிற ஆணை ‘மேல் ஷாவனிஸ்ட் பிக்’ என்பது 1970-களில் பெண்ணுரிமைப் போராட்டத்தோடு பரவியது. 1973 செப்டம்பர் 20 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் நடந்த டென்னிஸ் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். 55 வயதான பழைய சாம்பியன் பாபி ரிக்ஸ், எந்தப் பெண்ணையும் தன்னால் ஜெயிக்க முடியும் என்று மார்தட்டி, அந்தப் பன்றிப் பட்டத்தைச் சந்தோஷமாகச் சுமந்து திரிந்தார். எதிரே 29 வயது பில்லி ஜீன் கிங். ஆட்டத்துக்கு முன் ரிக்ஸ் அவருக்கு ஒரு மாபெரும் குச்சி மிட்டாயைக் கொடுத்தார். கிங் பதிலுக்கு நீட்டியது உயிரோடு நெளிகிற ஒரு பன்றிக்குட்டி. பிறகு 6-4, 6-3, 6-3 என்று நேர் செட்டுகளில் அவரை முடித்து அனுப்பினார்.

பன்றி 2008-இல் இன்னொரு முறை வந்தது. உங்கள் ஃபாக்ஸி சங்கடத்துக்கு மிக நெருங்கிய உதாரணம் இதுதான். அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்கு நின்ற சாரா பேலின், செப்டம்பர் 3 அன்று கட்சி மாநாட்டில் ஒரு நகைச்சுவை சொன்னார்: பிள்ளைகளை ஹாக்கிக்கு அழைத்துப் போகும் அம்மாவுக்கும் பிட்புல் நாய்க்கும் என்ன வித்தியாசம்? லிப்ஸ்டிக். அரங்கம் அதிர்ந்தது. கடித்தால் விடாத நாயைப் பெண் ஒருத்தி தானாகவே தன் தலையில் வைத்துக்கொண்டது புதுசாக இருந்தது. ஆறு நாள் கழித்து ஒபாமா, எதிரணியின் ‘மாற்றம்’ என்ற கோஷத்தைக் கிண்டல் செய்து, பன்றிக்கு லிப்ஸ்டிக் பூசினாலும் அது பன்றிதான் என்றார். பழைய பானையில் புதுப் பெயர் எழுதுகிற வேலையைச் சொல்ல எல்லா அரசியல்வாதியும் அங்கே பயன்படுத்துகிற வழக்கு. எதிரணியின் அதிபர் வேட்பாளர் மெக்கெய்னே முந்தைய வருஷம் ஹிலாரி கிளின்டனின் மருத்துவத் திட்டத்தைப் பற்றி அதைச் சொல்லியிருந்தார். ஆனால் லிப்ஸ்டிக் என்ற சொல் அந்த வாரம் பேலினுக்குச் சொந்தமாகிவிட்டிருந்தது. ஒரு பெண்ணைப் பன்றி என்றுவிட்டார், மன்னிப்புக் கேள் என்று பெரிய ரகளை. ஒபாமா பேலினைச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் விலங்கு பக்கத்தில் ஒரு பெண் நின்றாலே வாக்கியம் வேறு திசையில் ஓடிவிடும் என்பதற்கு அந்த ஒரு வாரம் போதும்.

ஆண்கள் ஒருவரை ஒருவர் விலங்கால் அடித்துக்கொள்வதில் இந்தப் பதற்றம் கிடையாது. 1978-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் டெனிஸ் ஹீலி, எதிர்க்கட்சியின் ஜெஃப்ரி ஹௌ தாக்கிப் பேசியதைச் செத்த ஆடு வந்து கடித்துக் குதறியதோடு ஒப்பிட்டார். ஆளைக் கவிழ்த்த அந்த வரியை இன்றும் ரசிக்கிறார்கள். அதில் யாருடைய அழகும் வயதும் இழுபடவில்லை என்பதையும் பாருங்கள்.

விலங்குகளின் உண்மையான நடத்தைக்கும் இந்தப் பேச்சுக்கும் பெரிய உறவு ஒன்றும் இல்லை. தேன்கூட்டை ஆள்வது ராஜா என்றுதான் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியர் நம்பினார்கள். ஷேக்ஸ்பியரே ஒரு நாடகத்தில் தேனீக்களின் ராஜாவைப் பற்றி நீளமாகப் பேச வைக்கிறார். 1609-இல் சார்லஸ் பட்லர் என்ற தேனீ வளர்ப்பாளர், அது ராணி என்று தன் நூலின் தலைப்பிலேயே அடித்துச் சொன்னார். ராஜாவாக இருந்தவரை தேன்கூடு நல்லாட்சிக்கு உவமை. இன்று ‘குவீன் பீ’ என்றால் மற்ற பெண்களை வளரவிடாத அதிகாரி என்று அலுவலகங்களில் குத்திப் பேசுகிறார்கள். குரலினிமைக்குப் பெண்ணை ‘நைட்டிங்கேல்’ என்கிறார்கள். ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்டுக்கு அந்தப் பட்டம், நம் சரோஜினி நாயுடுவுக்கும் அதே பட்டம்தான், தமிழில் அது ‘கவிக்குயில்’ ஆனது. நைட்டிங்கேலில் இரவு முழுக்கப் பாடுவது ஆண். குயிலில் கூ கூ என்று கூவுவதும் ஆண், கன்னங்கரேல் என்று இருக்குமே அது. புள்ளி போட்ட பழுப்புப் பெட்டை கிக்கிக்கென்று கத்திக்கொண்டு காக்கைக் கூட்டைத் தேடும். மயிலில் மட்டும் ஆங்கிலேயர் நம்மை முந்திவிட்டார்கள். தோகை ஆணுக்குத்தான் என்பதால் ‘பீகாக்’ என்றால் மினுக்கித் திரிகிற ஆண். நாம் அந்தத் தோகையைப் பிடுங்கி நாயகிக்கு மாட்டிவிட்டோம்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் வழுக்கி விழுகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அழைப்புகள் இன்னும் நிறைய இருக்கும். ‘அவள் பசு மாதிரி’ என்றால் இங்கே சாது. பிரிட்டனில் ஒரு பெண்ணைக் ‘கவ்’ என்றால் நேரடி வசவு, ‘சில்லி கவ்’ என்பது தெருச்சண்டை. ஆனைநடை என்று நம் புலவர்கள் பெண்ணைப் பாடியதை அங்கே யாரிடமும் மொழிபெயர்த்துச் சொல்லாதீர்கள். மான்விழி பிரச்சனை இல்லை, ‘டோ ஐய்டு’ என்று அவர்களுக்கும் பெண்மான் கண் அழகுதான், அலுவலகத்தில் மட்டும் வேண்டாம். ஆந்தை நமக்கு முழிக்கிற மூஞ்சி, அவர்களுக்கு ஞானி. காளை என்று இளைஞனை நாம் கொஞ்சுவோம், அங்கே ‘புல்’ பீங்கான் கடைக்குள் புகுந்து எல்லாவற்றையும் உடைக்கும். சிங்கம் இரண்டு பக்கமும் சிங்கம்தான். இப்போது பெண் சிங்கத்துக்கும் நல்ல காலம். இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணிக்கு ‘லயனெஸஸ்’ என்று பெயர். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 2022-இல் வெம்பிளியில் ஜெர்மனியை 2-1 என்று வென்றார்கள், 2025-இல் ஸ்பெயினை பெனால்டியில் முடித்தார்கள். காட்டிலும் பெரும்பாலும் வேட்டைக்குப் போவது பெண் சிங்கம், பெரிய பங்கு மட்டும் ஆணுக்கு. ‘லயன்ஸ் ஷேர்’ என்ற வழக்கு சரியான ஆள் பெயரில்தான் இருக்கிறது.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு வைக்கிற பழமொழி ஆங்கிலத்தில் இல்லாமல் இல்லை. பெட்டை வாத்துக்கு ஊற்றுகிற குழம்புதான் ஆண் வாத்துக்கும் என்று ஒன்று இருக்கிறது. அவளுக்குச் சரி என்றால் அவனுக்கும் சரி என்று பொருள். ஜான் ரே 1670-இல் தன் தொகுப்பில் இதைச் சேர்த்துவிட்டு, பக்கத்திலேயே ‘இது பெண்களின் பழமொழி’ என்று ஒரு குறிப்பும் போட்டிருக்கிறார். ஆண்கள் யாரும் இதைச் சொல்லக் கேட்டதில்லை போலும்.

இனி உங்கள் காரியம். அந்த வாக்கியத்தைப் பற்றி உங்கள் குழுத் தலைவியிடம் தனியாக ஒரு வரி சொல்லிவிடுங்கள்: தந்திரசாலி என்ற அர்த்தத்தில் சொன்னேன், அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பது இப்போதுதான் தெரிந்தது என்று. நீட்டி முழக்க வேண்டாம். அடுத்த முறை அவர் பேரத்தில் ஜெயித்தால் ‘ஷ்ரூட்’ என்று சொல்லுங்கள். ஆணோ பெண்ணோ யாருக்கும் பொருந்துகிற பாராட்டு, லண்டனில் ஒருவரும் இருமமாட்டார்கள். அதற்குள்ளே ஒரு மூஞ்சூறு இருக்கிறது என்பதை மட்டும் நீங்களாகப் போய் யாருக்கும் சொல்லாதீர்கள்.